1,140 கையெழுத்து இருக்கிறது, தலைவரை இறக்க முடியுமா?

2025 ஜூலை வாக்கில் வந்த ஆறு பக்கக் கடிதம். ஊர், ஆள் அடையாளம் தெரியாதபடி மாற்றிச் சுருக்கித் தருகிறேன். எழுதியவருக்கு 34 வயது, செல்போன் கடை வைத்திருக்கிறார். ஊராட்சியில் ஒன்பது வார்டு, சுமார் 1,900 வாக்காளர்கள். 2021 அக்டோபரில் உள்ளாட்சித் தேர்தல் நடந்த ஒன்பது மாவட்டங்களில் ஒன்று. தலைவர் பதவி பட்டியல் சமூகப் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது, அப்படி ஜெயித்து வந்தவர்தான் இப்போதைய தலைவர். நிர்வாகம் முழுக்க அவருடைய கணவர் கையில் என்கிறார் இவர். சிமென்ட் சாலை 400 மீட்டருக்குப் பில் போட்டுவிட்டுப் பாதியோடு நின்றுவிட்டதாம். எல்இடி விளக்கு கணக்கில் 60, கம்பத்தில் எண்ணினால் 22. மன்றக் கூட்டமே நடப்பதில்லை, உறுப்பினர்களிடம் வீடு வீடாகப் போய் தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்து வாங்குகிறார்கள்.

ஊரில் பேசி முடிவெடுத்து, தலைவரைத் திரும்ப அழைக்க வேண்டும் என்று 1,140 பேரிடம் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். துணைத்தலைவர்தான் முன்னால் நின்று நடத்துகிறாராம். ஒன்பது வார்டு உறுப்பினர்களில் ஏழு பேர் தங்கள் பக்கம் என்கிறார். அவர் கேட்பது மூன்று. பாதிக்கு மேல் வாக்காளர் கையெழுத்துப் போட்டால் பதவி தானாகப் போய்விடுமா? வருகிற ஆகஸ்ட் 15 கிராம சபையில் நீக்கத் தீர்மானம் போட்டால் செல்லுமா? கலெக்டர் இழுத்தடித்தால் ஊராட்சி அலுவலகத்துக்குப் பூட்டுப் போடலாமா?

அக்கா என்று எழுதியிருக்கிறீர்கள், நானும் தம்பி என்றே கூப்பிடுகிறேன். மூன்றுக்கும் பதில் இல்லை, இல்லை, வேண்டவே வேண்டாம். ஆனால் அத்தோடு முடித்துவிட்டால் உங்கள் சாலையில் போன காசு போனதுதான், அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

அந்த வீடியோவில் பார்த்தது வேறு மாநிலத்துச் சட்டம்

'இந்தியாவில் ரீகால் சட்டம் இருக்கிறது' என்று ஒரு வீடியோ பார்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். பொய்யில்லை, ஆனால் முழு உண்மையும் இல்லை. 1993-ல் நடைமுறைக்கு வந்த 73-வது அரசியல் சட்டத் திருத்தம் ஊராட்சிகளுக்கு ஐந்து வருஷ ஆயுள் கொடுத்தது. நடுவில் ஒரு தலைவரை எப்படி இறக்குவது என்பதை மாநிலங்கள் தங்கள் சட்டத்தில் எழுதிக்கொள்ள விட்டுவிட்டது. சில மாநிலங்கள் வாக்காளர் கையிலேயே கொடுத்தன. மத்தியப் பிரதேசத்தில் நகராட்சித் தலைவர்களைத் திரும்ப அழைக்கும் வாக்கெடுப்பு உண்டு, அந்த வாக்குச்சீட்டில் காலி நாற்காலி ஒன்றும் ஆள் உட்கார்ந்த நாற்காலி ஒன்றும் சின்னமாக இருக்கும், எதில் குத்துகிறீர்களோ அதுதான் உங்கள் முடிவு. 2001-ல் அனூப்பூரில் அப்படித்தான் ஒரு தலைவர் பதவி இழந்தார். சத்தீஸ்கரில் 2008-ல் மூன்று நகர அமைப்புகளின் தலைவர்களை மக்கள் ஓட்டுப் போட்டு இறக்கினார்கள். ராஜஸ்தானில் 2012-ல் மங்ரோல் என்ற ஊரில் நடந்த வாக்கெடுப்பில் தலைவர் தப்பித்துவிட்டார். ஹரியானா 2020-ல் கிராமத் தலைவர்களுக்கே இப்படி ஒரு சட்டம் கொண்டுவந்தது.

ஒன்றைக் கவனியுங்கள். மத்தியப் பிரதேச நகராட்சிகளிலும் தெருவில் கையெழுத்து வாங்கி வாக்கெடுப்பைத் தொடங்க முடியாது. முக்கால்வாசி கவுன்சிலர்கள் முதலில் எழுதிக் கொடுக்க வேண்டும், அதற்கு அப்புறம்தான் விஷயம் மக்களிடம் வரும்.

நம் மாநிலத்தில் 1994-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம்தான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. அதில் வாக்காளர்கள் தலைவரைத் திரும்ப அழைக்கும் வழியே கிடையாது. 1,140 பேர் இல்லை, 1,900 பேரும் போட்டாலும் அந்தக் காகிதத்தால் பதவி போகாது.

'நாங்கள் ஓட்டுப் போட்டுக் கொடுத்த பதவியை நாங்களே எடுக்க முடியாதா, என்ன நியாயம்' என்று கோபமாகக் கேட்டிருக்கிறீர்கள். இதே கேள்வியின் மறுபக்கம் உச்ச நீதிமன்றத்துக்கே போயிருக்கிறது. உத்தரப்பிரதேசம் ரேபரேலியில் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்த நகராட்சித் தலைவரை உறுப்பினர்கள் நம்பிக்கையில்லாத் தீர்மானம் போட்டு இறக்கினார்கள். மக்கள் கொடுத்த பதவியை உறுப்பினர்கள் எப்படிப் பறிக்கலாம் என்பது அவர் வாதம். 1992-ல் நீதிமன்றம் சொன்ன பதில் சுருக்கமாக இதுதான்: பிரதிநிதியை நீக்கும் உரிமை சட்டத்திலிருந்துதான் பிறக்க வேண்டும், யார் எப்படி நீக்கலாம் என்று சட்டம் சொல்கிறதோ அப்படித்தான். அதாவது ஓட்டுப் போட்டதாலேயே திரும்ப எடுக்கும் உரிமையும் கூடவே வந்துவிடாது. எனக்கும் இது முழுத் திருப்தி இல்லை, ஆனாலும் சட்டம் இதுதான்.

205-வது பிரிவு என்ன சொல்கிறது

ஒன்றியக் குழுத் தலைவர் போல உறுப்பினர்கள் ஓட்டில் வருகிறவர்களுக்கு நம்பிக்கையில்லாத் தீர்மானம் உண்டு. கிராம ஊராட்சித் தலைவர் மக்கள் ஓட்டில் நேரடியாக வருகிறவர், அவருக்கு வழி 205-வது பிரிவு. இதில் சாவி கலெக்டர் கையில் இருக்கிறது. சட்டம் அவரை 'ஊராட்சிகளின் ஆய்வாளர்' என்று சொல்லும். அவர் தாமாகவே நடவடிக்கை தொடங்கலாம். இல்லையென்றால் ஊராட்சியின் மொத்த உறுப்பினர் எண்ணிக்கையில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாதவர்கள் கையெழுத்திட்டு, குற்றச்சாட்டுகளை எழுதி, அவர்களில் இரண்டு பேர் நேரில் போய்க் கலெக்டரிடம் கொடுக்க வேண்டும். நேரில் என்று சட்டம் சொன்னால் நேரில்தான். தபாலில் அனுப்புவது, திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்து வரிசையில் யாரோ ஒருவர் கையில் கொடுத்துவிடுவது எல்லாம் பின்னால் எதிர்த்தரப்பு வக்கீலுக்கு நாமே எடுத்துக் கொடுக்கும் ஆயுதம்.

மூன்றில் இரண்டு என்பது காலியிடத்தையும் சேர்த்து அனுமதிக்கப்பட்ட மொத்த எண்ணிக்கையில். ஒன்பதுக்கு ஆறு. தலைவரையும் சேர்த்துப் பத்து என்று எண்ணினால் ஏழு. அந்த வாதத்துக்கே இடம் வைக்காமல் ஏழு பேரோடு போவது நல்லது. உங்களிடம் ஏழு பேர் இருக்கிறார்கள், ஆனால் சரியாக ஏழுதான். ஒருவர் மாறினால் கதை மாறும். உள்ளாட்சியில் ஓட்டெடுப்புக்கு முந்தின வாரம் உறுப்பினர்கள் திடீரென்று கொடைக்கானல் பார்க்க ஆசைப்படுவதை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

அப்புறம் கலெக்டர் தலைவரிடம் எழுத்தில் விளக்கம் கேட்பார். விளக்கம் திருப்தியாக இருந்தால் அங்கேயே முடித்துவிடலாம். திருப்தி இல்லை, அல்லது விளக்கமே வரவில்லை என்றால், நோட்டீஸ், விளக்கம், நீக்கும் முன்மொழிவு மூன்றும் தாசில்தாருக்குப் போகும். தாசில்தார் ஏழு நாள் முன்னறிவிப்புக் கொடுத்து ஊராட்சி அலுவலகத்தில் கூட்டம் கூட்டி, தாமே தலைமை தாங்கி, உறுப்பினர்களின் கருத்தைப் பதிவு செய்து கலெக்டருக்கு அனுப்புவார். உங்கள் ஏழு பேரும் தவறாகப் புரிந்துகொள்வது இந்த இடத்தைத்தான். அந்தக் கூட்டத்தில் தலைவரை நீக்குவதில்லை, கருத்துதான் கேட்கிறார்கள். முடிவு கலெக்டருடையது. ஒன்பது பேரும் 'நீக்குங்கள்' என்றாலும் அவர் கோப்பை மூடலாம்.

நீக்கினாலும் அது முடிவல்ல. அரசாங்கம் அந்த அறிவிக்கையை ரத்து செய்யலாம். தலைவர் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம், பெரும்பாலும் போவார்கள். நோட்டீஸில் குற்றச்சாட்டு தெளிவாக இல்லை, விளக்கத்தைப் படித்ததற்கான அடையாளமே உத்தரவில் இல்லை, கூட்டத்துக்கு ஏழு நாள் கொடுக்கவில்லை, இப்படிப்பட்ட காரணங்களில் நீக்க உத்தரவுகள் அடிபட்டிருக்கின்றன. ஆனால் உத்தரவு நின்றுவிட்டால் அடி பலமானது: நீக்கப்பட்டவர் மூன்று வருஷம் தலைவர் பதவிக்குப் போட்டியிட முடியாது. அதனால்தான் நீதிமன்றங்களும் இதைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கின்றன.

காலக்கணக்கும் பாருங்கள். உங்கள் ஊராட்சியின் பதவிக்காலம் 2026 அக்டோபரோடு முடிகிறது, இன்னும் சுமார் பதினைந்து மாதம். இந்த நடைமுறை வழக்கில்லாமல் போனாலே மாதக்கணக்கு. மற்ற மாவட்டங்களில் 2025 ஜனவரியில் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்கள் வந்துவிட்டார்கள், அங்கே இந்தக் கேள்வியே இல்லை. உங்களுக்கு இருக்கிற பதினைந்து மாதத்தில் எத்தனை மாதத்தை இதில் போடப் போகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள்.

எது குற்றச்சாட்டு, எது வெறும் வருத்தம்

உங்கள் மனுவின் நகலை இணைத்திருந்தீர்கள், மொத்தம் பதினேழு புகார். 'ஊர் மக்களை மதிப்பதில்லை', 'தேர்தல் வாக்குறுதியை நிறைவேற்றவில்லை', 'போனை எடுப்பதில்லை'. இவை எல்லாம் அடுத்த தேர்தலில் ஓட்டுப் போடாமல் இருப்பதற்கு நல்ல காரணங்கள். 205-க்கு வேண்டியது வேறு. தலைவர் சட்டத்தையோ விதியையோ சட்டப்படியான உத்தரவையோ வேண்டுமென்றே மீறியிருக்க வேண்டும், செய்ய மறுத்திருக்க வேண்டும், அல்லது அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தியிருக்க வேண்டும். பதினேழில் தேறுவது மூன்று: சாலை, விளக்கு, நடக்காத கூட்டம். அந்த மூன்றையும் தேதி, பணியின் பெயர், தொகை, ஆவணம் என்று எழுதுங்கள், மற்ற பதினாலையும் தூக்கிப் போடுங்கள். பதினேழு எழுதி மூன்றை நிரூபிப்பதை விட மூன்று எழுதி மூன்றையும் நிரூபிப்பது மேல்.

கணவர் விஷயம். சட்டத்தில் 'தலைவரின் கணவர்' என்று ஒரு பதவி கிடையாது. அவர் மன்றக் கூட்டத்தில் உட்கார்ந்து உத்தரவு போட்டால் ஒரு உறுப்பினர் எழுந்து ஆட்சேபணையைப் பதியச் சொல்லலாம், பிடிஓவுக்கு, அதாவது வட்டார வளர்ச்சி அலுவலருக்கு, எழுதலாம். மனைவியின் கையெழுத்தை அவரே போட்டிருந்தால் அது தனிக் கிரிமினல் குற்றம். ஆனால் 'எல்லாம் அவர்தான்' என்ற ஒரு வரி மட்டும் எந்த நோட்டீஸிலும் நிற்காது.

துணைத்தலைவர் ஏன் முன்னால் நிற்கிறார்?

உங்கள் கடிதத்தில் என்னைத் தூங்கவிடாத பகுதி இதுதான், கொஞ்சம் வெளிப்படையாகவே பேசுகிறேன். கிராம ஊராட்சியில் பணம் எடுக்க தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும், 188-வது பிரிவு அப்படிச் சொல்கிறது. 400 மீட்டர் சாலைக்குப் பணம் போயிருக்கிறது என்றால் அவர் கையெழுத்தும் சேர்ந்துதான் போயிருக்கிறது. 60 விளக்குக்கும் அப்படியே. அப்படியிருக்க அவர் மனுவுக்கு முன்னால் எப்படி நிற்கிறார் என்று ஊரில் ஒருவர்கூடக் கேட்கவில்லையா? அதேபோல், வீட்டுக்கு வந்து புத்தகத்தில் கையெழுத்து வாங்கினார்கள் என்று சொல்லும் ஏழு பேரும் அந்தப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டவர்கள்தானே. 'கூட்டமே நடக்கவில்லை' என்று அவர்கள் கலெக்டரிடம் எழுதிக் கொடுத்தால், தலைவர் தரப்பு முதல் வேலையாக அந்தப் பக்கங்களை நீட்டும்.

இன்னொன்று. தலைவர் பதவி காலியானால் இடைத்தேர்தல் நடந்து புதியவர் வரும்வரை அந்த வேலையைப் பார்ப்பது துணைத்தலைவர். இடைத்தேர்தல் உடனே வந்துவிடும் என்று நம்பி இருக்காதீர்கள். தேர்தல் வந்தாலும் ஒதுக்கீடு மாறாது, வருகிறவரும் பட்டியல் சமூகப் பெண்ணாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் நடுவில் அந்த நாற்காலியில் உட்காரும் துணைத்தலைவருக்கு அந்த ஒதுக்கீடு பொருந்தாது. யாருக்கு லாபம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நான்காம் பக்கத்தில் 'காலனிக்காரர்கள் மட்டும் கையெழுத்துப் போடவில்லை' என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். 'ஊரில் பேசி முடிவெடுத்தோம்' என்பது முதல் பக்கத்து வரி. அந்த இரண்டு வரிகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள் தம்பி. அந்தப் பேச்சில் காலனி இருந்ததா? உங்களைச் சாதி பார்க்கிறவர் என்று நான் சொல்லவில்லை, சாலைக்கணக்கு கேட்பது யாருக்கும் உள்ள உரிமை. ஆனால் இந்த மனுவைப் படிக்கப் போகும் அதிகாரிக்கும் நீதிபதிக்கும் முதலில் தோன்றப் போகும் சந்தேகம் இதுதான். மகாராஷ்டிராவின் ஜல்காவ் மாவட்டத்தில் ஒரு பெண் தலைவரைக் கிராமத்தார் புகார் கொடுத்துப் பதவியிழக்க வைத்தார்கள். 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அவரைத் திரும்பப் பதவியில் வைத்தது, ஒரு பெண் தலைவராகி முடிவெடுப்பதை அந்த ஊரால் ஏற்க முடியவில்லை என்று நேராகவே சொன்னது. உங்கள் ஊரில் இதற்கு முன் இருந்த தலைவர்கள் காலத்துச் சாலைகளை யாராவது டேப் வைத்து அளந்தார்களா என்று எதிர்த்தரப்பு கட்டாயம் கேட்கும். பதில் தயாராக இருக்க வேண்டும்.

பூட்டு, வாட்ஸ்அப், போலிக் கையெழுத்து

பூட்டுப் போடுவதை மறந்துவிடுங்கள். அரசு ஊழியரை வேலை செய்யவிடாமல் தடுத்ததாக வழக்கு வரும் என்பது ஒரு பக்கம். உங்கள் ஊர் நிலைமையில் அதைவிடப் பெரியது வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். பட்டியல் சமூகத்தைச் சேர்ந்த ஊராட்சித் தலைவரையோ உறுப்பினரையோ அவர்களுடைய பணியைச் செய்யவிடாமல் தடுப்பதே தனிக் குற்றம் என்று 2015 திருத்தம் சேர்த்தது. அந்தச் சட்டத்தில் முன்ஜாமீனுக்கே தடை உண்டு. அலுவலகக் கதவில் பூட்டு தொங்கும் ஒரு போட்டோ போதும், சாலைக்கணக்கு அப்படியே மறைந்துவிடும், நீங்கள் கடையைச் சாத்திவிட்டு ஸ்டேஷனுக்கும் கோர்ட்டுக்கும் அலைய வேண்டியிருக்கும்.

ஊர் வாட்ஸ்அப் குழுவில் நீங்கள் போட்டதாக அனுப்பியிருந்த செய்திகளில் 'திருடி', 'கொள்ளைக்கும்பல்' என்று இருக்கிறது. அழிக்க வேண்டாம், அழித்தால் அது வேறு பிரச்சினை, ஆனால் இன்றோடு நிறுத்துங்கள். 'சாலை 400 மீட்டருக்குப் பில், தரையில் இவ்வளவு மீட்டர்' என்று எழுதுங்கள், அதில் அவதூறு இல்லை, வேலையும் நடக்கும்.

அப்புறம் அந்த 1,140. 'திருப்பூர் போனவர்களுக்கு வீட்டிலிருந்தவர்கள் போட்டார்கள்' என்று வெகுளியாக எழுதியிருக்கிறீர்கள். அடுத்தவர் கையெழுத்தைப் போடுவதற்குப் பெயர் போலிக் கையெழுத்துதான், அண்ணன் போட்டாலும் அம்மா போட்டாலும். அவற்றை எடுத்துவிடுங்கள். 700 உண்மையான கையெழுத்து மிஞ்சினாலும் போதும். ஏனென்றால் இந்தக் காகிதத்தின் வேலை தலைவரை நீக்குவதல்ல. கலெக்டர் தாமாகவே நடவடிக்கை தொடங்கலாம் என்றேனே, அந்த வழிக்கு ஊர் மக்களின் புகாராக, மூன்று குற்றச்சாட்டுகளோடும் ஆவணங்களோடும் இதைக் கொடுக்கலாம். அப்போது யாரும் எண்ணிக்கையைப் பார்க்கப் போவதில்லை, பின்னால் இருக்கும் இணைப்பைத்தான் பார்ப்பார்கள்.

இந்த வாரம் என்ன செய்யலாம்

முதல் வேலை தகவல் உரிமை மனு. பத்து ரூபாய் கோர்ட் பீஸ் ஸ்டாம்ப் ஒட்டி, பிடிஓ அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அலுவலகம் தவறாக இருந்தாலும் ஐந்து நாளுக்குள் சரியான இடத்துக்கு அவர்கள்தான் மாற்றி அனுப்ப வேண்டும். 'ஏன் சாலை போடவில்லை' என்று கேள்வி கேட்காதீர்கள், ஆவணத்தைக் கேளுங்கள்: அந்தச் சாலையின் மதிப்பீடு, பணி உத்தரவு, எம் புக் (நடந்த வேலையை அளந்து எழுதும் அளவுப் புத்தகம்) நகல், பணம் கொடுத்த வவுச்சர். விளக்குக்குக் கொள்முதல் பில், இருப்புப் பதிவேடு. கடந்த ஒரு வருஷத்து மன்றத் தீர்மானப் புத்தகத்தின் நகல். பதிலுக்கு முப்பது நாள், வரவில்லை என்றால் மேல்முறையீடு. எம் புக்கில் 400 மீட்டர் என்று எழுதியது தலைவர் இல்லை, பொறியியல் பிரிவைச் சேர்ந்தவர், அதையும் மனதில் வையுங்கள். பாதிச் சாலைக்கு முழுப் பில் என்பது ஒரு ஆள் தனியாகச் செய்யக்கூடிய காரியமே இல்லை.

காத்திருக்கும் நேரத்தில் இ-கிராம் ஸ்வராஜ் தளத்தில் உங்கள் ஊராட்சியைத் தேடிப் பாருங்கள், நிதிக்குழு மானியத்தில் நடந்த செலவுகள் அதில் ஏறியிருக்கும். செல்போன் கடை வைத்திருக்கிறீர்கள், இதை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆகஸ்ட் 15 கிராம சபைக்குப் போங்கள், ஆனால் நீக்கத் தீர்மானம் கேட்காதீர்கள். கிராம சபைக்கு அந்த அதிகாரம் கிடையாது, தீர்மானம் எழுதினாலும் வெறும் காகிதம். அதற்கு இருக்கும் அதிகாரம் கணக்குக் கேட்பது. வரவு செலவுச் சுருக்கமான படிவம் 30-ஐ வாசிக்கச் சொல்லுங்கள். சாலையையும் விளக்கையும் அதிகாரிகள் நேரில் ஆய்வு செய்ய வேண்டும் என்று தீர்மானம் கேளுங்கள். உங்கள் ஊர் மக்கள்தொகைக்குக் குறைவெண் வரம்பு 100 பேர், கையெழுத்துப் போட்டவர்களில் பத்தில் ஒரு பங்கு வந்தாலே கூட்டம் செல்லும். தகவல் உரிமைப் பதில் அதற்குள் வராது. பரவாயில்லை, அக்டோபர் 2-லும் நவம்பர் 1-லும் கிராம சபை இருக்கிறது, அப்போது கையில் எம் புக்கோடு போவீர்கள்.

ஆவணம் வந்து, கணக்கில் ஓட்டை தெரிந்தால் இரண்டு வழி. ஒன்று, கலெக்டரிடம் 205-ல் நடவடிக்கை கேட்பது, அதோடு 203-வது பிரிவில் பணப் பட்டுவாடா அதிகாரத்தைத் தற்காலிகமாகப் பிடிஓவிடம் மாற்றச் சொல்லிக் கேட்கலாம். அது அவசர அதிகாரம், நிரந்தரத் தண்டனையாகப் பயன்படுத்தினால் கோர்ட்டில் நிற்காது, ஆனால் மிச்சமிருக்கிற காசைக் காப்பாற்ற உதவும். இன்னொன்று லஞ்ச ஒழிப்புத்துறை. தலைவர், துணைத்தலைவர், பொறியாளர் எல்லோருமே ஊழல் தடுப்புச் சட்டத்தில் பொது ஊழியர்கள்தான், அங்கே பதவிக்காலம் முடிந்தாலும் வழக்கு முடியாது. என்னைக் கேட்டால், உங்களுக்கு இருக்கும் பதினைந்து மாதத்தில் நாற்காலியைத் துரத்துவதை விட எம் புக்கைத் துரத்துங்கள்.

வீட்டுத் திட்டத்தில் உங்கள் அண்ணன் பெயரை நிறுத்திவிடுவார்கள் என்று நீங்கள் பயப்படுவது புரிகிறது. அதற்காகத்தான் மனுவை உங்கள் ஒருவர் பெயரில் மட்டும் அனுப்பாமல் இரண்டு மூன்று பேர் தனித்தனியாக அனுப்புங்கள் என்கிறேன். அண்ணன் விண்ணப்பத்தின் நகலையும் ஒப்புகையையும் இப்போதே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மனு போன பிறகு பெயர் நின்றால், அந்தத் தேதிகளே நமக்குச் சாட்சி.

சாலையை அளந்தீர்களா என்று கடிதத்தில் இல்லை, 'பாதி' என்று மட்டும்தான் இருக்கிறது. முப்பது மீட்டர் டேப் ஒன்று வாங்கி, பகலில், நாலு பேர் பார்க்க அளந்து, தொடங்கும் இடம் முடியும் இடம் இரண்டையும் போட்டோ எடுத்து, அளந்தவர்கள் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டு எனக்கு அனுப்புங்கள். டேப்பின் ஒரு முனையை நீங்கள் பிடியுங்கள். இன்னொரு முனையைப் பிடிக்கக் காலனியிலிருந்து ஒருவரைக் கூப்பிட்டுப் பாருங்கள், அந்தச் சாலையில் அவர்களும்தானே நடக்கிறார்கள்.